இரண்டு கிலோ காபிக்கொட்டையை எங்கே வைப்பது?

தருமபுரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி குடகுக்குப் போய் வந்தபோது வறுத்த பீபெரி கொட்டை இரண்டு கிலோ வாங்கி வந்திருக்கிறார். வறுத்து நாலு நாள்தான் ஆகிறது. வீட்டில் மூன்று பேர், காலையும் மாலையும் ஃபில்டர் காபி. எவர்சில்வர் சம்படத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வை என்கிறார் மாமியார். கண்ணாடி ஜாடி வாங்கு என்கிறார் தம்பி. யூடியூபில் ஒருவர் ஃபிரீசர்தான் நல்லது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, எத்தனை நாள் தாங்கும் என்பது கேள்வி.

கிருஷ்ணகிரியில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கல்லாவில் உட்கார்ந்தபடி அடிக்கடி கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மூன்று பேர் சொல்வதிலும் பாதி பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் டப்பாச் சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களுடைய முதல் பிரச்சினை டப்பா இல்லை, இரண்டு கிலோ.

கொட்டையை வறுக்கும்போது அதற்குள் கரியமில வாயு உண்டாகிறது. ஒரு கிலோ கொட்டையில் பல லிட்டர் வாயு அடைபட்டிருக்கும். வறுத்த முதல் நாளில் நிறைய வெளியேறும், பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது வெளியே வந்துகொண்டிருக்கும் வரை வெளிக்காற்று உள்ளே நுழைவது கஷ்டம். வாயு தீரத் தீர ஆக்சிஜன் உள்ளே போகிறது. காபி வாசனையில் 800க்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் பையைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிற அந்த முதல் மணத்தைத் தருகிற சில கந்தகச் சேர்மங்கள்தான் ஆக்சிஜன் பட்டதும் முதலில் போகும். அடுத்தது எண்ணெய். அராபிகா வகைக் கொட்டையில் ஏறக்குறைய 15 சதவீதமும் ரோபஸ்டா வகையில் 10 சதவீதமும் எண்ணெய் இருக்கிறது. பழைய கடலை எண்ணெய் காறிப்போகிற அதே முறையில்தான் இதுவும் காறும். மணம் குறைந்ததைப் பாலும் சர்க்கரையும் ஓரளவு மறைத்துவிடும். காறலை மறைக்காது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டம்ளருக்கு 8 கிராம் தூள் என்று வைத்தால் மூன்று பேருக்கு இரண்டு வேளைக்கு 48 கிராம். நாளைக்கு 50 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ தீர 40 நாள் ஆகும். நன்றாக மூடி வைத்த முழுக்கொட்டை, வறுத்த நாலாம் நாளிலிருந்து நாலு வாரம் வரைக்கும் நல்ல காபி தரும் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. பையைத் தினமும் திறந்து மூடினால் இரண்டு, மூன்று வாரம்தான். கருக வறுத்து மேலே எண்ணெய் மினுமினுக்கிற கொட்டை என்றால் அதற்கும் முன்னாலேயே இறங்கிவிடும், எண்ணெய் ஏற்கெனவே வெளியே வந்து காற்றோடு நிற்கிறதே. ஆக, எந்த டப்பா வாங்கினாலும் உங்கள் இரண்டு கிலோவின் கடைசிப் பாதி அலமாரியில் இருந்தால் தப்பிக்காது. பீபெரி அதிக நாள் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி எதுவும் இல்லை. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒரே உருண்டை விதை இருந்தால் அது பீபெரி, அவ்வளவுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 750 கிராமை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், 15 நாளைக்கு வரும். மீதி ஒன்றேகால் கிலோவை 250 கிராம் வீதம் ஐந்து பொட்டலமாகப் பிரித்து ஃபிரீசருக்குள் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நாள். எப்படிப் போடுவது என்பதைக் கீழே சொல்கிறேன், அதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள்.

வெளியே வைக்கும் 750 கிராமுக்கு முதலில் இடம். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் தருமபுரியில் 38 டிகிரி என்பது செய்தியே இல்லை. மேல்மாடி வீடாக இருந்தால் அடுப்பங்கரை இன்னும் மோசம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஓசூரில் குளிர்ந்த வீட்டில் மூன்று வாரம் நன்றாக இருக்கும் அதே கொட்டை, பாலக்கோட்டிலோ அரூரிலோ கோடையில் அதில் பாதிக் காலத்திலேயே மந்தமாகிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரி வேண்டாம். பரண் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜின் தலையில் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அங்கே கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். வெயில் விழாத சுவரை ஒட்டி, தரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்த்தட்டுதான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். அங்கே வையுங்கள். மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றும், ஆனால் அங்கே ஈரமும் இருக்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில் பெரிய தொல்லை இல்லை. அங்கே மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் ஈரக்காற்றுதான் தொல்லை. வறுத்த கொட்டையில் இரண்டு மூன்று சதவீதம்தான் ஈரம் இருக்கும், திறந்து வைத்தால் காற்றிலிருந்து இழுத்து நமுத்துப்போகும். கடித்தால் படக்கென்று உடையாமல் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிறதா, ஈரம் ஏறிவிட்டது. டப்பாவுக்குள் அரிசி போடுவது, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எடுத்துப் போடுவது, இதெல்லாம் தேவையில்லை. மூடி சரியாக இருந்தால் போதும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். கொட்டை எந்தப் பையில் வந்தது என்று முதலில் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறத் தாள், முன்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வால்வு, மேலே ஜிப், இந்த மூன்றும் இருந்தால் அதைவிட நல்ல டப்பா உங்கள் வீட்டில் இல்லை. வால்வு உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. கொட்டையை எடுத்ததும் பையை அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஜிப்பை மூடி, மேல்பகுதியைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டு, பையோடு அப்படியே மாமியாரின் எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்துவிடுங்கள். மாமியாருக்கும் திருப்தி, கொட்டைக்கும் நல்லது. பழுப்புக் காகிதப் பையில் கட்டிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அந்தக் காகிதம் வாயுவையும் தடுக்காது, ஈரத்தையும் தடுக்காது.

டப்பா வேண்டும் என்றால் எவர்சில்வரா கண்ணாடியா என்பது இரண்டாவது கேள்வி. மூடி இறுகுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நம் வீடுகளில் இருக்கும் எவர்சில்வர் சம்படங்களில் முக்கால்வாசி, மூடி வெறுமனே அமுங்கி உட்காரும் வகை. அதில் பருப்பு வைக்கலாம், காபிக்கொட்டைக்கு ஆகாது. காலி டப்பாவை மூடி ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வந்தால் அது காற்றுப் புகும் டப்பா. ரப்பர் வளையமும் கம்பி கிளிப்பும் உள்ள கண்ணாடி ஜாடி இந்தச் சோதனையில் தேறிவிடும். கண்ணாடியில் ஒரே குறை வெளிச்சம். கதவு உள்ள அலமாரிக்குள் வைத்தால் அந்தக் குறையும் இல்லை. சன்னல் ஓரத்தில் அழகுக்கு வரிசையாக அடுக்கி வைப்பதைப் படத்தில் பார்க்கிறோம், அது படத்துக்கு நல்லது. பிளாஸ்டிக் டப்பாவை நான் சிபாரிசு செய்வதில்லை. ஊறுகாயோ மசாலாவோ இருந்த பிளாஸ்டிக்கை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது, காபி அந்த வாடையை உடனே வாங்கிக்கொள்ளும். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் வைத்த டப்பாக்கள் இப்போது இணையத்தில் வருகின்றன. ஓரளவு உதவும், ஆனால் அந்தக் காசுக்கு இரண்டு மூன்று நல்ல கண்ணாடி ஜாடிகள் கிடைக்கும், அதில்தான் லாபம் என்பேன்.

ஏன் இரண்டு மூன்று? டப்பாவில் கொட்டை போக மிச்சம் இருப்பது முழுக்கக் காற்று. ஒரு லிட்டர் ஜாடியில் வறுத்த கொட்டை ஏறக்குறைய 350 கிராம் பிடிக்கும். மூன்று லிட்டர் ஜாடியில் 750 கிராமையும் கொட்டி வைத்தால் பத்து நாளில் கால்வாசிதான் கொட்டை, முக்கால்வாசி காற்று, அதையும் தினம் இரண்டு முறை திறந்து புதுக்காற்றாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு ஜாடிகளில் கழுத்து வரை நிரப்பி, ஒன்று தீரும் வரை மற்றதைத் தொடாமல் இருந்தால் இரண்டாவது வாரத்துக் காபியும் முதல் வாரத்துக் காபி அளவுக்கு வரும். உங்களுடையது வறுத்து நாலு நாள் ஆன கொட்டை, அதனால் தாராளமாக இறுக்கி மூடலாம். அன்றைக்கே வறுத்ததை வாங்கி வருபவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் மூடியை முழுக்க இறுக்க வேண்டாம், திருகு மூடிக் கண்ணாடிப் பாட்டிலில் வாயு முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கே வறுத்ததை அன்றைக்கே குடிப்பதிலும் பெரிய சுகம் இல்லை. உள்ளே வாயு அதிகம் இருப்பதால் ஃபில்டரில் தூள் பொங்கி வெந்நீரைச் சீராக உள்ளே விடாது, டிகாக்ஷன் மெலிதாக இறங்கும்.

இன்னொரு விஷயம், இது எங்கள் கடைக்கு வருபவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது. ஜாடியில் அடியில் கொஞ்சம் பழைய கொட்டை இருக்கும்போது அதன் மேலேயே புதுசைக் கொட்டாதீர்கள். அடியில் இருப்பது அப்படியே மாதக்கணக்கில் கிடக்கும். ஜாடியின் உள்சுவரில் பழுப்பாக ஒட்டியிருப்பது காபி எண்ணெய், அது காறி, புதுக்கொட்டைக்கும் அந்த வாடையைக் கொடுக்கும். ஒவ்வொரு முறை காலியானதும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

இப்போது ஃபிரிட்ஜ். மாமியார் மன்னிக்க வேண்டும், சாதாரண ஃபிரிட்ஜ் தட்டு காபிக்கு நல்ல இடம் இல்லை. ஃபிரிட்ஜில் வாடை அடித்தால் என்ன செய்கிறோம்? ஒரு கிண்ணத்தில் காபித்தூளைத் திறந்து வைக்கிறோம், அது வாடையை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. அதே வேலையைத்தான் நீங்கள் குடிக்கப்போகும் கொட்டையும் செய்யும். பக்கத்தில் இட்லி மாவு, நறுக்கின வெங்காயம், நேற்றைய மீன்குழம்பு. அப்புறம் ஈரம். குளிர்ந்த டப்பாவைக் காலையில் வெளியே எடுத்துத் திறந்ததும், நம் ஊர்ச் சூட்டுக்குக் காற்றில் இருக்கும் ஈரம் கொட்டையின் மேல் பனித்துவிடும். மூடி உள்ளே வைப்பீர்கள், மாலையில் மறுபடி. இரண்டு வாரம் இப்படிப் போனால் குளிர்ச்சியில் கிடைத்த லாபத்தைவிட ஈரத்தில் போன நஷ்டம் பெரிது.

ஃபிரீசர் வேறு. அங்கே மைனஸ் 18 டிகிரி, எல்லா வினையும் ஏறக்குறைய நின்றுபோகும். கொட்டையில் தண்ணீர் மிகக் குறைவு என்பதால் காய்கறி மாதிரி உறைந்து குழைந்துபோகும் பயமும் இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. ஐந்து நாளைக்கு ஒரு பொட்டலம் என்று முன்பே பிரித்துவிட வேண்டும். கெட்டியான ஜிப் கவரில் போட்டு, காற்றை முழுக்க அழுத்தி எடுத்து, அதை இன்னொரு ஜிப் கவருக்குள் போடுங்கள், மேலே தேதி எழுதுங்கள். வேண்டும்போது முதல் நாள் இரவே ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கவரின் வெளிப்பக்கம் பனித்து, காய்ந்திருக்கும். உள்ளே இருப்பதும் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். அப்போதுதான் பிரிக்க வேண்டும். அவசரத்தில் சில்லென்று இருக்கும்போதே பிரித்து, இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுபடி உள்ளே தள்ளினால் ஃபிரிட்ஜில் வைத்த கதைதான். ஒரு முறை வெளியே வந்தது மறுபடி உள்ளே போகக்கூடாது. இப்படி வைத்தால் இரண்டு மூன்று மாதம் தைரியமாக வைக்கலாம்.

ஒரு வேளைக்கு மட்டும் அளந்து பொட்டலம் போடும் பொறுமை இருந்தால், உறைந்த கொட்டையை அப்படியே அரைக்கலாம். குளிர்ந்த கொட்டை அரைபடும்போது துகள் இன்னும் சீராக வருகிறது என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியிருக்கிறார்கள்.

ஃபிரீசர் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி பல நேரம் அந்த அளவு குளிராது, பனிக்கட்டி வேறு மண்டிக்கிடக்கும். அப்படி இருந்தால் ஒன்றேகால் கிலோவை அங்கே அடைப்பதைவிட அரைக் கிலோவைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தாலும் பொட்டலம் பிரிக்காமல் இருக்கும் வரை பெரிய கேடு இல்லை.

அரைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு கிலோவையும் மில்லில் கொடுத்து ஒரேயடியாக அரைத்து வைத்துவிட்டால் மேலே சொன்னது எல்லாமே வீண். கேழ்வரகு நம் ஊரில் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கும், மாவாக அரைத்துவிட்டால் மாதக்கணக்கு, அவ்வளவுதான். காபியில் அந்த வித்தியாசம் இன்னும் கடுமை. கொட்டையில் வாரக்கணக்கில் கசியவேண்டிய வாயுவில் பெரும்பகுதி அரைத்த சில நிமிடங்களிலேயே போய்விடுகிறது. மில்லுக்குப் பக்கத்தில் நடந்தால் தெரு முழுக்க மணக்கிறதே, அது உங்கள் டம்ளரில் இருக்க வேண்டிய மணம். தூள் பத்து நாளைக்கு மேல் நன்றாக இருக்காது. மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டுவிட்டு ஓட்டி அரைத்தாலே ஃபில்டருக்குப் போதுமான தூள் வரும், தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி மணம் போய்விடும். தினமும் அரைக்க நேரமில்லை என்றால் இரண்டு நாளைக்குச் சேர்த்து அரையுங்கள். மில்லில்தான் அரைக்க வேண்டும் என்றால் 250 கிராமுக்கு மேல் அரைக்காதீர்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

சிக்கரி சேர்ப்பவர்கள் அதைத் தனி டப்பாவில் வையுங்கள். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். கலந்து வைத்தால் காபித்தூளையும் சேர்த்துக் கட்டியாக்கும். ஃபில்டரில் போடும்போது கலந்துகொண்டால் போதும், அளவும் உங்கள் கையில் இருக்கும். கடையில் வாங்கும் கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள்.

கொட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, மூடி, இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் கவர் உப்பியிருந்தால் வாயு இருக்கிறது. தட்டையாகவே கிடந்தால் அதிக நாள் இல்லை, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஃபிரீசரிலிருந்து வந்த கொட்டைக்கும் இதே சோதனைதான்.

அடுத்த முறை தம்பி குடகு போனால் இரண்டு கிலோ வேண்டாம், அரைக் கிலோ போதும் என்று சொல்லி அனுப்புங்கள். காபி நமக்கு அவ்வளவு தூரத்துப் பொருளும் இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி பயிரிட வைத்தார் என்று வரலாறு. அப்போது நம் பக்கமும் சேலம் மாவட்டம்தான், 1965இல்தான் தருமபுரி பிரிந்தது, அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி. தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் சேலம், அதற்கு மேலே சேர்வராயன் மலை முழுக்கக் காபித் தோட்டம். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வத்தல்மலையில் காபியும் மிளகும் விளைகின்றன. இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரைக் கிலோ, அதுவும் வறுத்த தேதியைக் கேட்டு வாங்குவதில் என்ன கஷ்டம்? பாக்கெட்டில் கட்டிய தேதி இருக்கும், வறுத்த தேதியைப் பலர் போடுவதில்லை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

மலையில் தெரிந்தவர் இருந்தால் பச்சைக் கொட்டையாகவே வாங்கலாம். பாட்டிமார் செய்ததும் அதுதான், பச்சையாக வாங்கி வைத்து வாரத்துக்கு ஒரு முறை வறுப்பார்கள். பச்சைக் கொட்டையில் ஈரம் 10, 12 சதவீதம். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையிலோ சாக்குப்பையிலோ கட்டி, காற்றோட்டமான நிழலில், மிளகாய் மல்லி மூட்டைகளிலிருந்து தள்ளி வைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்கும். மாதம் ஒரு முறை கொட்டிப் பார்த்து வண்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். இரும்பு வாணலியில் விடாமல் கிளறி வறுக்க வேண்டும். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கி முறத்தில் கொட்டி விசிறுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்த பின் 850 கிராம் அளவுக்கு நிற்கும், கருக வறுத்தால் இன்னும் குறையும். புகை நிறைய வரும், சன்னலைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, பழசானதைக் குடித்தால் உடம்புக்கு ஆகாதா என்றும் கேட்டிருந்தீர்கள். மணம் போன கொட்டையால் கெடுதல் ஒன்றும் இல்லை, ருசி இருக்காது, அவ்வளவுதான். கொஞ்சம் சிக்கரி கூட்டி, டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிப் பாலில் கலந்தால் ஒப்பேற்றிவிடலாம். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதை வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.